கறுப்பாய்ப் போகிறது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தைச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். அதனால் முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'நெய்வேலி வானத்தில் புகை எழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில்...'

அடித்துவிட்டேன். இங்கே புகை எழாத மாலை எது? அடுத்தது: 'தனத்துக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரியாக...' ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? எழுதுகிறவனுக்கே வாய் வரவில்லை.

சரி, மூன்றாவது தடவை. 1981இல் டிஸ்பென்சரி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், தங்கள் தெருக்காரி ஒருத்தியின் மலத்தின் நிறத்தைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக் கேட்டேன். கதை எழுதுகிறவனுக்கு அது தொழில் தர்மம். பாதி அவர்கள் சொன்னது, மீதி நான் கட்டியது.

2

தனம் கம்மாபுரத்துப் பக்கம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை; கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியைக் கூட்டி அள்ள வேண்டும். இப்போது ஏழு மாதம். முதல் பிரசவத்தில் ரத்தம் கொட்டி, பிழைத்ததே பெரிய காரியம். டிஸ்பென்சரி நர்ஸ் கஸ்தூரியம்மாள் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துத் திட்டினார்.

"ரத்தமே இல்லியேம்மா. இப்படியே பிரசவத்துக்குப் போனா தாங்குவியா நீ?"

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வெல்லம் சாப்பிடச் சொன்னார். சோறு தின்ற கையோடு டீ குடிக்காதே, எலுமிச்சம்பழம் பிழிந்துகொள் என்றார். எல்லாம் சொன்னார், ஒன்றைத் தவிர.

(தனத்தின் புருஷன் கலியனை முதலில் குடிகாரனாக எழுதியிருந்தேன். வசதியாக இருந்தது. ஆனால் வரிசையில் கேட்டது வேறு: ரத்தம் ஊறட்டும் என்று பண்ருட்டியிலிருந்து அவன் சுவரொட்டி வாங்கி வந்து சுட்டுக் கொடுக்கிறானாம். சைவக் குடும்பத்தில் பிறந்த நான், போஸ்டரை ஏன் சுடுகிறான் என்று முழித்தேன். ஆட்டின் மண்ணீரலாம். கலியன் கையிலிருந்த சாராயத்தைப் பிடுங்கிவிட்டேன்.)

3

மாத்திரை தின்ன ஆரம்பித்ததும் தனத்துக்குக் கறுப்பாய்ப் போனது.

வேறு ஊராக இருந்தால் யாரிடமாவது காரணம் கேட்டிருப்பாள். இது நெய்வேலி. மூக்கைச் சிந்தினால் கரி, துப்பினால் கரி. அவளுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது.

"வவுத்துல கரி எறங்கிடுச்சு அத்த," என்றாள் மாமியார் சாமியம்மாளிடம். "புள்ள மேலயும் படிஞ்சிருக்கும்."

"மாத்திரதான் வெளிய தள்ளுதே, வுடு."

"எங்க தள்ளுது? கறுப்பாவே போய்க்கினு இருக்குது. உள்ள எம்மாங் கெடக்குதோ!"

"பண்ருட்டிகிட்ட திருவதிகையில ஒருத்தரு பேதிக்குக் குடுக்குறாராம். ஒரே நாள்ல கழுவி வுட்டுடும். போயி வாங்கிக் குடிச்சிட்டு வந்துடு."

ஏழு மாத வயிற்றுக்குப் பேதி மருந்து.

தனம் முட்டாளா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சேர்த்துப் பார்த்தாள். இரும்பு மாத்திரை தின்றால் கறுப்பாய்த்தான் போகும், அதனால் கெடுதல் இல்லை. இந்த ஒரு வரியைக் கஸ்தூரியம்மாள் சொல்லவில்லை. ஆம்பளைகள் நிற்கிற வரிசையில் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? எனக்கே இரண்டு தொடக்கங்கள் வீணாயின. அவரை எந்த முகத்தோடு குறை சொல்வேன்?

4

முடிவு. டாக்டர் வந்து விளக்குகிறார், கொழுகொழுவென்று குழந்தை. சினிமாவுக்கு முன்னால் போடும் அரசாங்கப் படம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: தனம் அந்த மருந்தைக் குடித்து, அன்று சாயங்காலமே...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். என்னால் முடியாது.)

ஆகவே பண்ருட்டி போகும் பஸ்ஸில் விடுகிறேன். ஜன்னலோரம் தனம். மிச்ச மாத்திரைகள் முந்தானை முடிச்சில். பேதி மருந்து இருக்கும்போது இது எதற்கு என்று, போகிற வழியில் கெடில ஆற்றில் எறிந்துவிடப் போகிறாள். பக்கத்து சீட்டில் நீங்கள்.

"ஏங்க, பேதிக்குக் குடுக்குறவரு வூடு ஆத்துக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"உனக்கு எதுக்கும்மா, இந்த நேரத்துல?"

அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். சுற்றிலும் ஆம்பளைகள்.

இந்த பஸ்ஸில் காரணம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் மூன்றாவது தடவையில் எழுதிய அந்த வார்த்தையை, நாலு பேர் காதில் விழும்படி நீங்கள் சொல்ல வேண்டும்.

"பண்ருட்டி! எறங்கு எறங்கு!" என்கிறார் கண்டக்டர்.

தனம் எழுந்துவிட்டாள்.