அம்மாவின் நெஞ்சுச் சத்தம்

அந்தப் பள்ளியில் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில்தான் நடந்தன. கரும்பலகையில் பாதி உரிந்து சிமென்ட் தெரிந்தது. கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, வெள்ளிக்கிழமைதோறும் தோழிகளோடு அங்கே அறிவியல் சொல்லித்தரப் போவாள். அன்று பிளாஸ்டிக் புனலில் ரப்பர் குழாயைச் செருகி, இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி செய்தார்கள்.

வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமிதான் முதலில் கத்தினாள்: "அக்கா, உள்ள யாரோ ஓடுறாங்க!"

வகுப்பு முடிந்தும் அவள் கருவியைக் கொடுக்கவில்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்க்கா. அம்மா படுத்தே கிடக்கிறாங்க. என்ன கோளாறுன்னு கேட்டுப் பாக்கணும்."

மனசு கேட்காமல் கல்லூரிக்காரியும் கூடவே போனாள். ஒற்றை அறை, மருந்து நெடி. வாயாடி தாயின் நெஞ்சில் புனலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லாத்தாம்மா ஓடுது. சரியாயிடும்."

அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, தாய் சொன்னாள்: "டாக்டர் கைய விரிச்சிட்டாரும்மா. இவகிட்ட நீயும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேங்க்கா."

பிறகு வாராவாரம் வாயாடி வாசலிலேயே நின்று சேதி சொன்னாள். "இன்னிக்கு மெதுவா ஓடுதுக்கா." "இன்னிக்குப் பரவால்ல." கல்லூரிக்காரி சிரித்துத் தலையாட்டினாள்.

இடையில் கல்லூரித் தேர்வு வந்தது. அது முடிந்து அவள் போனபோது, வாயாடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் அமர்ந்ததும் சிறுமி சொன்னாள்:

"அன்னிக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. புனலை மாத்தி மாத்தி வச்சேன். நான் சரியாச் செய்யலையா?"

"நீ சரியாத்தான் செஞ்ச, கண்ணு." வாரி அணைத்துக்கொண்டாள்.

தோளில் முகம் புதைந்திருக்க, சிறுமி கேட்டாள்: "அம்மா பொழைக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்டா."

சிறுமி மெல்லத் தன்னை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இடம் காலியாக இருந்தது. பெரியம்மா வந்து சிறுமியைத் தன் ஊருக்கே கூட்டிப் போய்விட்டதாகத் தலைமையாசிரியை சொன்னார். கல்லூரிக்காரி போன் நம்பர் வாங்கி, அன்று மாலையே கூப்பிட்டாள்.

"கூப்பிட்டுப் பாக்குறேம்மா, இரு," என்றாள் பெரியம்மா. தூரத்தில் ஏதோ பேச்சு. பிறகு அவளே திரும்பி வந்தாள். "பேச மாட்டேங்குறாம்மா. தப்பா எடுத்துக்காத."

"பரவால்லீங்க. சாப்பிடுறாளா?"

"ஏதோ கொஞ்சம் சாப்பிடுறா."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு, வைக்க மனமில்லாமல் போனைப் பிடித்தபடியே நின்றாள்.