டீச்சர் தலையசைக்கும் வரை

1

இந்தக் கதை, என் வீட்டுக்காரர் விட்ட கதையிலிருந்து பிறந்தது.

போன வாரம் என் தங்கை குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தாள். பேச்சு எப்படியோ எங்கள் பழைய ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போனது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, முப்பது நாற்காலி, ஜாஸ் கிதார். "அன்னைக்கு அந்தக் கச்சேரியக் காப்பாத்தினதே நான்தான்" என்றார் இவர், கூசாமல். தங்கை வாயைப் பிளந்து கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் செய்ததெல்லாம் நாற்காலியை நகர்த்தியதுதான். உண்மையை நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், கிதாரின் முதல் நாதம் என் நெஞ்சை

(இவர் பின்னால் நின்று படிக்கிறார். "மழையா? நல்லா வெயில் அடிச்சுதே." விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: ஜாஸ் என்பது அடிப்படையில் மனித விடுதலையின்

(இதில் யாரும் குறுக்கிடவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது.)

சரி, நேராகவே சொல்கிறேன். அந்த அறையில் எத்தனையோ கிதார்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார். கிழிந்த காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்துத் தாளம் போடும். இன்னொருவர் கூச்சம் தாங்காமல் எங்களுக்கு முதுகைக் காட்டி வாசிப்பார். அவரிடம் கையெழுத்து கேட்டுப் போனேன். "நல்ல பேனாவா இருக்கே" என்று ஆரம்பித்து, பேனாவைப் பற்றியே பேசிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். (பேனாவும் போனது.) சின்ன அறையின் சுகமே அதுதான். வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். முடிந்ததும் அவரும் நம்மோடு அதே மாடிப்படியில்தான் இறங்கியாக வேண்டும்.

எல்லோரிலும் எனக்குப் பிடித்தவர் கண்ணாடிக்காரர்.

3

மற்ற நாட்களில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறு மத்தியானம் கிதார். இடைவேளையில் நம் மேசைக்கு வருவார். நாம் பாராட்ட வாயெடுப்பதற்குள், "கொஞ்சம் குடுங்க" என்று நம் கண்ணாடியை உருவி, காதில் மாட்டும் கம்பியை லேசாக வளைத்து, திரும்ப மூக்கில் வைத்து, ஓரடி தள்ளி நின்று பார்ப்பார். "இப்பதான் நேரா இருக்கு. இவ்வளவு நேரமும் என்னைக் கோணலாத்தானே பாத்தீங்க?"

தன் கண்ணாடியை மட்டும் வாசிக்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுவார். வியர்வையில் வழுக்குமாம்.

அவருக்கு ஒரே ஒரு குறை. ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது.* அவர்கள் குழுவில், பாட்டு முடியும் இடம் வந்ததும் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஒருவர் தலையசைத்ததும் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். கண்ணாடிக்காரர் அசைக்கவே மாட்டார். சுற்றிச் சுற்றி வருவார். டிரம்ஸ்காரருக்குக் கை ஓய்ந்துவிடும். கடைசியில் எல்லோரும் கூடிப் பேசி, அந்தப் பொறுப்பை அவர் மனைவியிடம் ஒப்படைத்தார்கள். அவர் கணக்கு டீச்சர். வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். போதுமென்று பட்டால், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு தலையசைப்பு. பாட்டு முடிந்துவிடும்.

* எழுத்தாளர்களைச் சொல்லவில்லை.

4

[இங்கே ஒரு பத்தி சோகம் எழுதி அடித்துவிட்டேன். கண்ணாடிக்காரருக்கே பிடித்திருக்காது.]

விஷயம் இவ்வளவுதான். அவருடைய இடது கை மோதிர விரல், மடங்கினால் நிமிர மறுத்தது. புதன்கிழமை ஆபரேஷன். அப்புறம் வாசிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர், "கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கலாம்" என்றாராம். அந்த ஞாயிறே கடைசியாக இருக்கலாம் என்று அறை முழுக்கத் தெரியும். நாற்காலி போதாமல் படிக்கட்டில்கூட ஆட்கள் இருந்தார்கள்.

டீச்சருக்கு அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அலைச்சல். போதாததற்குத் தேர்வுத் தாள்கள் வேறு. முதல் பாட்டு நன்றாகச் சூடுபிடிக்கக்கூட இல்லை. டீச்சருக்குக் கண் சொக்கி, தலை முன்னால் விழுந்து நிமிர்ந்தது.

கண்ணாடிக்காரர் பாட்டை முடித்துவிட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே கைதட்டினோம். இரண்டாவது பாட்டு. தலை விழுந்தது, முடித்தார். மூன்றாவதில் பாஸ் கிதார்காரர் தன் முறை வந்ததும் கண்ணை மூடி, லயித்து வாசிக்கிறார். தலை விழுந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது வாசித்துக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான்.

"என்னங்க ஆச்சு?" என்றார் பரிதாபமாக.

"அவ போதும்ங்கறா." கண்ணாடிக்காரர் தன் விரலைத் தடவிக்கொண்டார். "கேக்க நல்லா இல்லை போல. விடுங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு, அதோட முடிச்சுக்கலாம்."

சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடி சட்டைப் பையில் இருக்க, மனிதர் அதைத் தலையசைப்பென்றே நம்பிவிட்டார். போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது.

5

இங்கேதான் என் வீட்டுக்காரர் கதைக்குள் வருகிறார். அகலமான மனிதர். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் டீச்சர் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் மொத்தமாக மறைந்துபோனார்.

திட்டம் போட்டு மறைத்ததாக இவர் சொல்கிறார். அங்கேதான் ஃபேன் இருந்தது என்று நான் சொல்கிறேன்.

("திட்டம்தான்னு எழுதிக்கோ."

"ஏங்க, சட்டைக் காலரத் தூக்கிவிட்டு நீங்க காத்து வாங்கினத நான் பாத்தேன்."

"அது யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு பண்ணதும்மா.")

இந்தப் பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் நம்பினால் அது உங்கள் இஷ்டம்.

எப்படியோ, பாட்டு முழுசாக வந்தது. பாஸ் கிதார்காரருக்கு அவர் முறை கிடைத்தது. கண்ணாடிக்காரரின் விரல் இரண்டு இடத்தில் சிக்கியது. சிக்கிய இடத்தையே வேண்டுமென்று செய்ததுபோல மறுபடி வாசித்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கடைசி வரி வந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கண்ணைச் சுருக்கி வாசல் பக்கம் பார்க்கிறார். தெரிவதெல்லாம் என் வீட்டுக்காரருடைய சட்டை. இவர் கழுத்தைக்கூட அசைக்கவில்லை. (அதற்கு மட்டும் முழு மதிப்பெண்.)

6

முடிவு. விரல் குணமாகி அடுத்த மாதமே அவர் மேடையேறினார் என்று எழுதலாம், உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். குணமாகவில்லை, கிதாரைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார் என்று எழுதலாம், எனக்கு இலக்கியவாதி என்று பெயர் கிடைக்கும். புதன்கிழமை என்ன ஆனதென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஏனென்றால், நான் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து டீச்சர் தெரிந்தார். அவர் விழித்துக்கொண்டார். கன்னத்தில் சிவப்பு மைக் கோடு. காதைத் தீட்டிக் கேட்டார். மெல்ல எழுந்து, என் வீட்டுக்காரரின் தோளுக்கு மேலே எட்டி, கணவரைப் பார்த்தார். அவர் விரலைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் 'டீச்சர், டீச்சர்' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

டீச்சர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். விடைத்தாள் கட்டின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நிஜமாகத் தூங்கியபோது அப்படி ஆடிய தலை, இப்போது இம்மிகூட ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலில் இன்னும் வெயில் இருக்கிறது. கண்ணாடிக்காரர் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறார். டிரம்ஸ்காரருக்குக் கை வலிக்கிறது, பாவம். முடிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் தலையசையுங்கள்.

நான் மாட்டேன்.