ஆறு விசில்

1

உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறந்ததல்ல, பயத்தில் பிறந்தது. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கப் போவதாகச் சொல்லியனுப்பினார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் ஒரு பஸ் கண்டக்டர் நான்கு மாதம் பத்து நாள் காகிதத்தில் ஒத்திகை பார்த்தான். அந்தக் காகிதங்களைத்தான் இப்போது நீங்கள் படிக்கிறீர்கள்.

கண்டக்டர் பெயர் கார்த்திகேசன். நெரவிக்காரன், வயது நாற்பத்தொன்று. காரைக்காலிலிருந்து நாகூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. எழுத்தாளன். [இந்தச் சொல்லை இரண்டு தடவை அடித்து, மூன்றாம் தடவை போனால் போகிறதென்று விட்டாயிற்று.] அவன் கதை ஒன்று ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. அந்த இதழோடு பத்திரிகை நின்றுபோனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் மெனக்கெட்டுக் கடிதம் எழுதினார்.

இதை எழுதுகிறவனும் அதே கார்த்திகேசன்தான். பின்னே எதற்கு ‘அவன், இவன்’ என்கிறீர்களா? ‘நான்’ என்று போட்டு நாலு தடவை எழுதியாயிற்று. நாலிலும் ஆள் நல்லவனாகிவிட்டான். ஒன்றில் பாயின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு கண்ணீர் வேறு விடுகிறான், படுபாவி. ‘அவன்’ என்று எழுதினால்தான் பயல் கொஞ்சமாவது மாட்டுகிறான்.

பாய் என்றால் டிரைவர் சேக் அலாவுதீன். ஜனவரி கடைசி வியாழக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே இறந்துபோனார். வயது ஐம்பத்தாறு.

2

கதையை எங்கே தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: “கடற்காற்று வீசிய அந்தக் காலைப்பொழுதில், மரணம் ஒரு பயணியைப் போல நெரவி நிறுத்தத்தில் ஏறி—”

வேண்டாம். ஏறியிருந்தால் கார்த்திகேசன் டிக்கெட் கேட்டிருப்பான். பதினோரு வருடத்தில் அவன் ஒருத்தரையும் விட்டதில்லை.

தொடக்கம் இரண்டு: “சேக் அலாவுதீன் ஒரு மகான்.”

இதுவும் ஆகாது. மகானோ இல்லையோ, பாயிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. நிறுத்தம் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டார், யார் கைகாட்டினாலும் நிறுத்திவிடுவார். வயலில் இருந்து ஒருத்தர் தலை முண்டாசை அவிழ்த்து உதறினால்கூட, கூப்பிடுகிறார் என்று நிறுத்துவார். பின்னால் வருகிற பஸ் முந்திக்கொண்டு போய், திருமலைராயன்பட்டினத்தில் நிற்கும் கூட்டத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும். இதனால் இரண்டு பேருக்கும் தினம் ஒரு சண்டை. சண்டை என்றால் கார்த்திகேசன் பின்படியில் நின்று கிண்டல் அடிப்பான், பாய் கண்ணாடியில் அவனைப் பார்த்து உதட்டோரத்தில் சிரிப்பார். அவ்வளவுதான்.

தொடக்கம் மூன்று. இதுதான் நடந்தது.

நெரவி தாண்டிப் பட்டினம் வருவதற்குள், ஒன்றுமில்லாத இடத்தில் பஸ் மெதுவாகி, இடது ஓரமாக ஒதுங்கி நின்றது. கார்த்திகேசன் கடைசி இருக்கையில், கருவாட்டு மூட்டையைக் காலடியில் வைத்திருந்த ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். யார் கைகாட்டியது என்று எட்டிப் பார்த்தான். ஒருத்தரும் இல்லை. பின்னால் அந்தப் பாழாய்ப்போன பஸ் வருவது தெரிந்தது.

ஒரு விசில் அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் கிளம்பணும். அவன் இரண்டு அடித்தான். பஸ் நகரவில்லை. மறுபடி இரண்டு அடித்தான். நகரவில்லை. பின்னால் வந்த பஸ் பாம் பாமென்று ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனது. கார்த்திகேசனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அங்கிருந்தே கத்தினான்.

“என்ன பாய், தூக்கமா? வீட்ல போய்த் தூங்குங்க! இது பஸ்ஸு, பாயி விரிக்கிற எடம் இல்ல!”

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. கருவாட்டுக்காரரும் சிரித்தார். நாற்பத்து மூன்று பேர். உண்மையைச் சொன்னால் கார்த்திகேசனுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. பத்திரிகையில் வந்த கதைக்குக்கூட யாரும் அப்படிச் சிரித்ததில்லை. [அது சோகக்கதை.]

அப்போது கண்ணாடியில் பாயின் முகம்

[இந்த வாக்கியம் எல்லா வரைவிலும் இங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டு விசில் அடித்தும் பார்த்தாயிற்று. விட்டுவிட்டுப் போவோம்.]

இன்னும் இரண்டு விசில் அடித்தான். மொத்தம் ஆறு. அப்புறம்தான் முன்னிருக்கையில் இருந்த அன்னபூரணி அக்கா எழுந்து திரும்பினார். தினமும் நாகூருக்குப் பூக்கூடையோடு போகிறவர்.

“தம்பி, சீக்கிரம் வா. பாய்க்கு என்னமோ ஆயிட்டு.”

3

பாய் கைப்பிரேக்கைப் போட்டிருந்தார், இஞ்சினையும் அணைத்திருந்தார். “நாற்பத்து மூன்று உயிர்களைக் காத்த ஓட்டுநர்” என்று மறுநாள் பேப்பரில் வந்தது. கண்டக்டர் பேட்டியும் வந்தது: “கடைசி மூச்சு வரை பயணிகளைப் பற்றித்தான் நினைத்தார்.” கடைசி மூச்சு எப்போது வந்ததென்றே தெரியாதவன் சொன்னது அது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவன் கேட்டான்.

“வண்டி நின்னப்பவே போயிட்டாரா சார்?”

“இருக்கலாம். ரெண்டு நிமிஷம் கழிச்சும் இருக்கலாம். அதெல்லாம் அறுதியிட்டுச் சொல்ல முடியாதுங்க.”

மூன்றாம் நாள் பட்டினத்தில் பாய் வீட்டுக்குப் போனான். வாசலில் பாயின் மகள் பஹீமா நின்று பேசினாள்.

“உம்மா இத்தா இருக்காங்கண்ணே. நாலு மாசம் பத்து நாளு. வெளி ஆம்பளைங்களப் பாக்க மாட்டாங்க. அது முடிஞ்சதும் உங்கள அவசியம் வரச் சொன்னாங்க. வாப்பா கடைசி நேரத்தப் பத்தி ஒண்ணு கேக்கணுமாம். உங்களுக்குத்தான் தெரியுமாம்.”

கார்த்திகேசன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். அன்று ராத்திரியே காகிதத்தை எடுத்து உட்கார்ந்தான். செத்த மனுசனைப் பார்த்து வீட்டில் போய்த் தூங்கு என்று கத்தியதை, அந்த மனுசன் வீட்டிலேயே போய் எப்படிச் சொல்வது?

4

இனி கண்டக்டரின் வியாதி. இதை உருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தான். உருக்கம் வரவில்லை, நடந்தது அப்படி.

பதினாறாம் நாள் வேலைக்குப் போனான். விசிலை வாயில் வைத்தால் காற்று வரவில்லை. நெஞ்சு வரைக்கும் வருகிறது, அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தை அடித்து அடித்துத்தான் வண்டியைக் கிளப்பினான். சாயங்காலம் கை வீங்கிவிட்டது.

புது டிரைவர் நெடுமாறன். திடகாத்திரமான ஆள், முப்பது வயது. கார்த்திகேசனால் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், தோளைத் தொட்டு, “இருக்கீங்களா?” என்பான். முதல் நாள் நெடுமாறன் சிரித்தார். மூன்றாம் நாள் பட்டினம் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“யோவ், ஒனக்குப் புண்ணியமாப் போவும். நீ கேட்டு கேட்டு எனக்கே சந்தேகம் வந்துட்டுய்யா. நேத்து வீட்ல போயி நெஞ்சைத் தொட்டுப் பாத்துக்கிட்டுப் படுத்தேன்.”

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார், யாரிடமாவது மனம்விட்டுப் பேசச் சொன்னார். டைம் கீப்பர் மணிபாரதி, திருநள்ளாறு போய் எள் விளக்குப் போடச் சொன்னார். கார்த்திகேசன் போனான். எங்கெங்கிருந்தோ வந்த ஜனம் சனியை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. விட்ட சனியெல்லாம் வேறெங்கே போகும், நம்ம பஸ்ஸில்தான் ஏறும் என்று தோன்றியது. அதைச் சொல்லிச் சிரிக்கப் பாயைத் தேடினான். ஒரு கணம் நிஜமாகவே தேடினான். கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதான்.

[இந்தப் பத்தி கிண்டலாகத்தான் தொடங்கியது. எங்கே வழுக்கியது என்று தெரியவில்லை. இருக்கட்டும்.]

5

பதில்களின் ஒத்திகை.

பதில் அ: “கடைசியா உங்க பேரைத்தாம்மா சொன்னாரு.”

கார்த்திகேசனின் மனைவி சுகிர்தா இதைப் படித்தாள். “இதெல்லாம் சினிமாவுல சாவுறவங்க பேசுறது. அந்தப் பாய் பொண்டாட்டி பேரச் சொல்லி நீங்க ஒரு நாளாச்சும் கேட்டுருக்கீங்களா? வீட்டுல, வீட்டுலன்னுதானே சொல்லுவாரு” என்றாள்.

பதில் ஆ: “கலிமா சொல்லிக்கிட்டே போனாரும்மா.”

கடைசி மூச்சில் அல்லாவின் பெயரைச் சொல்லிப் போனார் என்பதைவிட அந்த வீட்டில் பெரிய ஆறுதல் கிடையாது. எழுதும்போதே கார்த்திகேசனுக்குக் கை கூசியது. அடுத்தவர் ஆண்டவன் விஷயத்தில் பொய் சொன்னால், இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வோம் என்று அடித்துவிட்டான்.

பதில் இ: நடந்தது.

“சொல்லிடுங்க” என்றாள் சுகிர்தா.

“சொன்னா அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“இப்ப மட்டும் முழிக்கிறீங்களாக்கும். நாலு மாசமாப் பேயறஞ்ச மாதிரி திரியிறீங்க. ஊரு ஜனத்துக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சிக் குடுத்துட்டு நீங்க எங்கயும் எறங்காம சுத்திக்கிட்டிருக்கீங்க.”

[நல்ல வரி. அவன் எழுதியதில்லை, அவள் சொன்னது. வீட்டில் இரண்டு எழுத்தாளர் இருக்கிறார்கள், ஒருத்தர் எழுதுவதில்லை.]

6

இத்தா முடிந்த மூன்றாம் நாள் போனான். காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான், பரீட்சைக்குப் போகிற பையன் பிட் வைத்திருப்பது மாதிரி.

பாயின் மனைவி அமீர் நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பஹீமா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, அன்னிக்கு பாய்...” என்று பதில் ‘ஆ’வில் தொடங்கி, பதில் ‘அ’ பக்கம் திரும்பி, நடுவில் நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மளமளவென்று சொல்லிவிட்டான். ஆறு விசிலையும் சொன்னான். கத்தியதைச் சொன்னான். பஸ் சிரித்ததைச் சொன்னான். தனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்ததைக்கூடச் சொன்னான்.

அந்த அம்மா ஆச்சரியப்படவேயில்லை.

“தெரியும் தம்பி” என்றார். “பஸ்ஸுல பாதிப் பேரு இந்த ஊருதானே. அவங்க மய்யித்து வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடியே உங்க விசில் வந்து சேந்துட்டு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நாற்பத்து மூன்று பேர் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறைத்திருக்கிறான். இருபத்தேழு வரைவு. அத்தனையும் ஊருக்கே தெரிந்த ரகசியம். கார்த்திகேசன் டீ தம்ளரைத் தள்ளி வைத்தான்.

“மன்னிச்சிருங்கம்மா.”

“அதுக்கு உங்களக் கூப்பிடல தம்பி.” முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். “தெனம் ராத்திரி இவ வாப்பா சோத்துல கை வெச்சதும், ‘இன்னைக்கு அந்தக் கண்டக்டர் என்னய என்ன சொன்னான் தெரியுமா’ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நீங்க சொன்னத அப்படியே உங்க கொரலுலயே சொல்லிக் காட்டுவாங்க. வண்டியில சத்தமாச் சிரிச்சா கெத்து போயிடும்னு அடக்கிக்கிட்டு வந்து, இங்க உக்காந்து சிரிப்பாங்க. பதினோரு வருசம், நானும் உங்க பஸ்ஸுலதான் தம்பி இருந்தேன்.”

பஹீமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அன்னிக்குச் சொன்னத மட்டும் வந்து சொல்லல. அது அவங்க காதுல விழுந்துச்சா தம்பி? கண்ணாடியில மூஞ்சி தெரியும்னு சொல்லுவாங்களே. சிரிச்சாங்களா?”

7

நின்றுபோன வாக்கியத்தை இப்போது முடித்தாக வேண்டும்.

அப்போது கண்ணாடியில் பாயின் முகம் தெரிந்தது. உதட்டின் ஒரு ஓரம் லேசாக மேலே ஏறியது. சிரிக்கிறார் என்று நினைத்துத்தான் கார்த்திகேசன் இன்னும் இரண்டு விசில் அடித்தான்.

அது சிரிப்பா, நெஞ்சுவலியில் கோணியதா, உயிர் போன பிறகு தளர்ந்ததா, அவனுக்குத் தெரியாது.

‘ஆமாம், சிரிச்சாரு’ என்றால் அந்த அம்மாவுக்குக் கடைசிச் சிரிப்பு கிடைத்துவிடும். ஆனால் அப்போது பாய் உயிரோடு இருந்தார் என்றாகும். உயிரோடு இருந்தவரிடம் ஓடாமல், நின்று விசில் அடித்திருக்கிறான். இன்று இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு ராத்திரி, தனியாகச் சோற்றில் கை வைக்கும்போது அது அவருக்கு உறைக்காதா? ‘இல்லம்மா, அதுக்கு முன்னாடியே போயிட்டாரு’ என்றால் கார்த்திகேசன் தப்பித்தான். அந்த அம்மாவின் பதினோரு வருடக் கதைக்குக் கடைசி வரி கிடைக்காது. ‘தெரியலம்மா’ என்பதுதான் உண்மை. நாலு மாதம் பத்து நாள் காத்திருந்தவரிடம் அதைக் கொடுத்துவிட்டு எழுந்து வர முடியுமா?

அவன் ஏதோ ஒன்று சொன்னான். அதை எழுதப்போவதில்லை. மறுநாள் வேலையில் விசிலை வாயில் வைத்தபோது காற்று வந்ததா என்பதையும் எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன சொன்னான் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அதைவிட, உங்களை ஒன்று கேட்கலாம். இரண்டாம் பிரிவில் பஸ் சிரித்தபோது, பாய் இறந்துபோனார் என்று முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருந்தது. அப்படியும் உங்கள் உதட்டின் ஒரு ஓரம் லேசாக அசைந்திருக்கும். வெட்கப்பட வேண்டாம், பஸ்ஸில் நாற்பத்து மூன்று பேரும் அப்படித்தான். அது சிரிப்புதானா என்று மட்டும் சொல்லுங்கள்.

என்னை ஏன் கேட்கிறாய் என்று நழுவ வேண்டாம். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. அமீர் நிஷா கேட்டுவிட்டு உங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.