ஒசேனுடன் வந்தவன்

எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு கேம் செய்யலாமா என்று கேட்டு மேல்மாடிக்குப் போனால், அங்கே முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனையாவது?" கதை என்ன, யார் விளையாடுவார்கள், என்ன புதுமை எல்லாம் அதற்குப் பிறகு. பதினொன்றாவது, பன்னிரண்டாவது என்று பதில் சொல்ல முடிந்தவர்களுக்கு டீ வரும். "முதலாவது" என்று சொன்னவர்கள் சிலரையும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இப்போது பக்கத்து ஊரான சகாயில் கோழி பொரித்து விற்கிறார். நன்றாகத்தான் பொரிக்கிறார்.

எண் போட்டு வந்துகொண்டே இருப்பவன் பெயர் ஜோகென். பாதி முகம் கருகியவன், முதுகில் இரண்டு வாள். பன்னிரண்டு கேம்களாக யாரையாவது பழிவாங்கிக்கொண்டிருக்கிறான். ஒசாகாவில் கப் நூடுல்ஸ் மூடியிலும் ரயில் பெட்டியின் பக்கவாட்டிலும் அவன் மூஞ்சிதான். முன்பெல்லாம் எங்கள் கம்பெனி மீன்பிடிக்கிற கேம், குளியல் விடுதி நடத்துகிற கேம், பேய் பிடித்த பள்ளிக்கூடம் என்று கண்டதையும் செய்யும். சில விற்கும், சில ஊற்றிக்கொள்ளும். ஒரு கேம் செய்ய ஆகும் செலவு எங்கேயோ ஏறிப்போன பிறகு, ஊற்றிக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லை. ஒவ்வொரு குழுவாகக் கலைத்து ஜோகெனுக்கு அனுப்பினார்கள். ஒரு ஜோகென் ஓடினால் நானூறு குடும்பம் சாப்பிடும். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்ற பேச்சை எங்கள் ஆபீசில் யாரும் எடுத்ததில்லை.

நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில். ஐந்து குழுக்கள் இருந்த இடத்தில் கடைசியாக எங்கள் குழு மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றவர்களின் மேஜைகளை எடுத்துப்போன பிறகும் அந்தப் பக்கத்து விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. அங்கே பார்க்காமல் வேலை செய்யப் பழகியிருந்தோம்.

என் பெயர் நெசு. என் வேலை அசைவு. திரையில் ஒருவன் நடந்தால், விழுந்தால், வாளை உருவினால் அந்த உடம்பை ஆட்டிவைப்பவன் நான். ஏழு ஜோகென்களில் அவன் வாளைச் சுழற்றிச் சுழற்றி அலுத்துப்போயிருந்தேன்.

எங்கள் டைரக்டர் ஷியோமி. தொயாமாவில் பிறந்தவள், நாற்பதை நெருங்குகிறவள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவளுடைய இரண்டு கேம்களைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவதன் நாயகி ஒசேன். முதுகில் மருந்துப்பெட்டியோடு மலைக் கிராமங்களில் வீடுவீடாகப் போகிற மருந்துக்காரி. சண்டை கிடையாது. பனி உண்டு. எந்த வீட்டுக்கு முதலில் போவது, எவ்வளவு சுமப்பது, எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குவது, இவ்வளவுதான் ஆட்டம். கேட்டால் சப்பென்றிருக்கும். விளையாடிப் பார்த்தால் எழுந்திருக்க மனம் வராது. இடுப்பளவு பனியிலிருந்து அவள் ஒரு காலைப் பிடுங்கி அடுத்த காலை வைக்கும்போது நம் தொடை வலிக்கும். அந்த ஒரு நடைக்கே எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. நான் செய்த வேலைகளிலேயே யோக்கியமான வேலை அதுதான்.

"இவளையும் நிறுத்திட்டாங்கன்னா எனக்கு இனிமே எதுவும் தோணாது நெசு-சான்," என்றாள் ஷியோமி ஒருநாள், திரையைத் துடைத்தபடியே. "சும்மா சொல்லல. நெசமாவே தோணாது."

மேல்மாடிக்குப் போகவேண்டிய வாரம் வந்தது. மதியம் உடோன் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் புரோகிராமர் உவோசுமிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"எத்தனையாவதுன்னு கேப்பாங்களே, என்ன சொல்லப் போறீங்க?"

"முதலாவதுன்னுதான்," என்றாள் ஷியோமி.

"அப்ப இப்பவே கோழி பொரிக்கக் கத்துக்குங்க. எண்ணெ ரொம்பக் காயக்கூடாதாம்."

"உன் வாயில கொதிக்கிற உடோனக் கொட்ட," என்றேன்.

"அட இருங்க நெசு-சான், கேளுங்க. ஜோகெனத் தூக்கி உள்ள போடுவோம். ஒசேனுக்குப் பின்னாடி சும்மா நடந்து வரட்டும். பேச வேணாம், வாள எடுக்க வேணாம். ஜோகென் தொடர்ல இது ஒரு கிளைக்கதைன்னு சொல்லிடலாம். மேல தலையாட்டிட்டாங்கன்னா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிடலாம். உள்ள போட ஒரு நாள், வெளிய எடுக்க ஒரு நாள்."

ஷியோமி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தில் மிதந்த வெங்காயத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய எடுக்க நெசமாவே ஒரு நாள்தான் ஆகுமா?" என்று கேட்டாள்.

பழைய கேமிலிருந்து ஜோகெனின் உடம்பை அப்படியே எடுத்துவந்து எங்கள் பனியில் இறக்கினேன். முன்னால் ஒசேன் இடுப்புவரை புதைந்து போனாள். அவன் பனியின் மேலேயே நடந்து வந்தான். கால் புதையவில்லை, தடம் விழவில்லை. காரணம் சாதாரணம்தான்: பழைய கேமில் அவனுக்கு எடை என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை. அது தெரிந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது. ஒருத்தி மூச்சிரைக்கப் போகிறாள், பின்னால் ஒருவன் தடமே இல்லாமல் வருகிறான்.

"இதச் சரிபண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். போகப்போறவன்தானே," என்றாள் ஷியோமி.

மேல்மாடியில் நிர்வாகிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒசேன் திரையில் நடந்தபோது ஒருவரும் அசையவில்லை. ஜோகென் உள்ளே வந்ததும் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். தயாரிப்புத் தலைவர் ஒனோதெரா முன்னால் சாய்ந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு, நல்ல மனிதர்.

"ஜோகென் ஏன் அந்தப் பொம்பளைக்குப் பின்னாடியே வர்றான்? காவலா, வேட்டையா?"

ஷியோமி ஒரு கணம் திணறினாள். "அத விளையாடுறவங்களே கண்டுபிடிக்கட்டும்னு..."

"எனக்கு உடம்பே சிலிர்க்குது," என்றார் ஒனோதெரா. டீ வந்தது. நாங்கள் கேட்டதைப்போல மூன்று மடங்கு பணம் ஒதுக்கினார்கள். அது யாருக்காக ஒதுக்கிய பணம் என்று யோசிக்கிற புத்தி அன்று எங்கள் யாருக்கும் இல்லை. ஷின்செகாய் கடைத்தெருவில் குச்சியில் குத்திப் பொரித்ததையெல்லாம் தின்றோம், பீர் குடித்தோம். கடைக்காரர் பொதுவான சாஸ் சட்டியைக் காட்டி, கடித்ததை மறுபடி அதில் முக்கக்கூடாது என்று வழக்கம்போல எச்சரிக்க, உவோசுமி அதைப் பிடித்துக்கொண்டான்.

"ஜோகெனையும் அப்படித்தான். ஒரு தடவ தொட்டுக்கிட்டாச்சு, ரெண்டாவது தடவ தொடக்கூடாது."

கடையே சிரித்தது. ஷியோமி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அவனை வெளியே எடுக்கும் நாள் தள்ளிப்போனது. முதலில் ஒரு விழாவில் முன்னோட்டம் காட்டவேண்டியிருந்தது. அவன் இல்லாமல் காட்ட முடியாது. அப்புறம் பொம்மை செய்கிறவர்கள் வந்து, பனிக்காலத்துக்கு அவனுக்கு ஓநாய்த்தோல் கோட்டு வேண்டும் என்றார்கள். அந்தக் கோட்டைக் காற்றில் ஆட்டிவைத்ததும் நான்தான். பிறகு ஜோகென் குழுவிலிருந்து கும்பலாக ஆட்களை அனுப்பினார்கள். மூன்றாம் மாடியின் காலி இடமெல்லாம் நிரம்பியது. புதிதாக வந்த பெண் ஒருத்தி என் மேஜைக்கு வந்து குனிந்து வணங்கி, மிக மரியாதையாகக் கேட்டாள்: "நெசு-சான், இந்த ஒசேன்ங்கிறவங்க எந்த ஜோகென்ல வந்தவங்க?"

வெளியாட்களைக் கூட்டிவந்து விளையாடவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பது எங்கள் வழக்கம். ஒருவர்கூட மருந்துப்பெட்டியைத் திறக்கவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பி அவனைத் தேடினார்கள். கல்லூரி மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"இந்த அக்காவ விட்டுட்டு அவரா ஆட முடியாதா? இவங்க ரொம்ப மெதுவாப் போறாங்க."

அடுத்த சோதனையில் ஜோகெனாக ஆட முடிந்தது. ஆனால் அவன் ஓடுவதற்குப் பனி இடைஞ்சல். இடுப்பளவை முழங்காலுக்கு இறக்கினார்கள், முழங்காலைக் கணுக்காலுக்கு. இறக்கியது உவோசுமிதான். இப்போதெல்லாம் அவன் கேலி பேசுவதில்லை. கணுக்கால் பனியில் ஒசேனை நடக்கவிட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத தரையில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள், பைத்தியக்காரி மாதிரி. பின்னாலிருந்து யாரோ, "இவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

"இவன எப்ப எடுக்கப் போறோம்?" என்று ஷியோமியிடம் கேட்டேன்.

"அடுத்த மாசம். இன்னொரு சோதனை முடியட்டும்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க."

"தெரியும் நெசு-சான். கத்தாதீங்க."

நான் கத்தவே இல்லை.

பிறகு ஒருநாள் கேமின் பெயரை மேல்மாடியிலிருந்து முடிவுசெய்து அனுப்பினார்கள். ஜோகென் 13. அன்றைக்கு ஷியோமி எழுந்து நேராக ஒனோதெராவின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஜோகெனை எடுத்துவிடுகிறோம், பழைய பணத்திலேயே, பழைய ஆட்களோடு முடித்துத் தருகிறோம் என்று சொன்னாள். குரல் நடுங்கினாலும் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

ஒனோதெரா கோபப்படவில்லை. எங்களை உட்காரவைத்தார்.

"அந்தக் குளியல் விடுதி கேம் ஞாபகம் இருக்கா? அது நான் செஞ்சது. வாங்கினவங்கள ஒரே ரயில்ல ஏத்திடலாம். அதுல ஒருத்தர் இன்னும் என்னப் பாத்தா கையப் புடிச்சுக்கிட்டு அழுவாரு." கொஞ்சம் சிரித்தார். "நீங்க ஜோகென எடுத்தா இந்த வருஷம் நமக்கு விக்க ஒண்ணுமில்ல, ஷியோமி-சான். மூணாம் மாடி இருக்காது. நாலாம் மாடியும் இருக்காது. மிரட்டல, நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

ஷியோமி எழுந்திருக்கப் போனாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துது," என்றார் அவர். "ஜோகென் அந்த மலைக்கு எதுக்குப் போறான்? அவனுக்குக் கோவம் வரணுமே. பன்னெண்டு கேம்லயும் ஆரம்பத்துலயே ஒரு காரணம் இருந்துச்சு."

மேஜையில் ஒசேனின் படம் கிடந்தது. ஒனோதெரா அதைப் பார்த்தார். ஷியோமியும் பார்த்தாள். லிஃப்டில் இறங்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில நாள் கழித்து என் மேஜைக்கு வந்தாள்.

"ஒசேன் விழணும் நெசு-சான்."

"எங்க? பாலத்துலயா?"

"முதல் கிராமத்துல. அம்பு பட்டு."

நான் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். "உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா? இவளுக்காகத்தானே இவ்வளவும்! இவளையே கொன்னுட்டு எதக் காப்பாத்தப் போறீங்க?"

"அவனுக்குக் கோவம் வர இவ எப்படியும் சாகத்தான் போறா. நாம செய்யலன்னா ஜோகென் ஆளுங்க செய்வாங்க," என்றாள், அதே தணிந்த குரலில். "அலறுவா. ரத்தம் பீச்சி அடிக்கும். அவன் வானத்தப் பாத்துக் கத்துவான். அப்படியா சாகணும் அவ? சாவாவது அவளோடதா இருக்கட்டும்."

அவள் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் எனக்குப் பயம் அதை நினைத்துத்தான்.

ஆட்களின் அசைவைக் கம்ப்யூட்டரில் பதியும் அறையில், புள்ளிகள் ஒட்டிய கறுப்பு உடுப்பை ஷியோமியே மாட்டிக்கொண்டாள். ஒசேனின் நடைக்கும் அரிசி மூட்டையைச் சுமந்து நடந்து காட்டியவள் அவள்தான். திரையில் இருந்தது அவள் உடம்பு. மெத்தைமேல் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள்.

"போதும்," என்றேன்.

"இல்ல, கை முன்னாடி போயிடுது. அவ தரையப் புடிக்க மாட்டா, பெட்டியத்தான் புடிப்பா. மருந்து சிந்தக்கூடாதுன்னு பாப்பா. இன்னொரு தடவ."

முழங்கால் கன்றிப்போகும்வரை விழுந்தாள். கடைசித் தடவை எழுந்தபோது முகம் சிவந்து, கண் பளபளத்தது. "வந்துடுச்சு!" என்று கைதட்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன.

ஒசேன் சாவது வலிக்கவேண்டுமென்றால் விளையாடுகிறவர்களுக்கு முதலில் அவளைப் பிடிக்கவேண்டும் அல்லவா? அதனால் முதல் கிராமத்துக்கு மட்டும் பனியை மறுபடி இடுப்பளவுக்கு ஏற்றினாள் ஷியோமி. ஒசேனுக்கு அவள் நடை திரும்பக் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் அவளுக்குச் சூடான கஞ்சி கொடுத்தார்கள். விளையாடியவர்கள் மருந்துப்பெட்டியைத் திறந்தார்கள், எதை எந்த வீட்டில் கொடுப்பது என்று கவலைப்பட்டார்கள். நாங்கள் ஆசைப்பட்ட கேம் அப்படியே இருந்தது, இருபது நிமிடத்துக்கு. பிறகு அம்பு வந்தது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். லாரி ஓட்டுகிறவர் போலிருந்த ஒரு பெரிய மனிதர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்ததும் ஜோகெனாகி, அந்த ஊரில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்ட ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.

எந்த ஜோகெனுக்கும் விளையாடியவர்கள் அவ்வளவு மதிப்பெண் போட்டதில்லை. ஒனோதெரா மூன்றாம் மாடிக்கே இறங்கிவந்து, எல்லோர் முன்னாலும் ஷியோமிக்குத் தலை தாழ்த்தினார்.

"அடுத்ததுக்கும் இதே மாதிரி ஒருத்தி வேணும். இது உங்களால மட்டும்தான் முடியும்."

அவள் அன்றே வேலையை விட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன். குறைந்தபட்சம் எங்கேயாவது மறைவாகப் போய் அழுவாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை எனக்கு முன்பே வந்திருந்தாள். என் மேஜையில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். தோளில் வலையைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிற ஒருத்தி, கொஞ்சம் கூன் விழுந்த முதுகு, காற்றில் பறக்கும் தலைத்துணி. சத்தியமாக அழகாக இருந்தது. பார்த்தவுடனே அவள் எப்படி நடப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு இவ?"

"அடுத்ததுல வர்றவ." ஷியோமி படத்தின் ஓரத்தை விரலால் நேராக்கினாள். "பேரு இன்னும் வைக்கல. என்ன பேசுவான்னுகூடத் தெரியாது. எப்படிச் சாகிறாங்கிறது மட்டும் முடிவாயிடுச்சு."

அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள், பழைய அதே நல்ல முகத்தோடு.

நான் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, "எந்தப் பக்கமா விழுறா?" என்று கேட்டேன்.