இடுப்பளவு வெள்ளம்

மார்லிஸ் டியர்க்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். ஆற்றைக் குறை சொல்ல முடியாது. மிசிசிப்பி ஏப்ரல் மாதச் சேற்றோடு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரைத்தெருவில் இளித்துக்கொண்டு நின்ற கூட்டத்தைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

பழைய விதைக்கிடங்கின் செங்கல் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. அறுபத்தைந்தாம் வருஷத்து வெள்ளம் இந்த உயரம்வரை வந்தது, ஆர்லோ டியர்க்ஸ் இங்கே மூழ்கி இறந்தார் என்று அதில் இருக்கும். ஆர்லோ அவளுடைய அப்பா. ஆறடி ஆள். தகடு ஏழடியில் இருந்தது. பதினோரு வயதிலிருந்து அதை அண்ணாந்து பார்த்தே பழகியவள் அவள்.

இப்போது கிடங்கு அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. வெள்ளத்துக்குப் பயந்து தெருவையே நாலடி மண்கொட்டி உயர்த்தியிருந்தார்கள். இன்று திறப்பு விழா. தகடு பழைய இடத்தில்தான் இருந்தது. தரை ஏறிவந்ததில் அது இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

வீடு பார்க்க வந்த ஒருவன், கையில் கெளுத்திமீன் சாண்ட்விச்சோடு குனிந்து படித்தான். "இந்தத் தண்ணியிலயா செத்தான்? நல்லா சரக்கு ஏத்தியிருப்பான்!" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தான். வாயோரம் மயோனைஸ் வழிந்தது. சீ!

மார்லிஸ் நேராகக் கட்டட முதலாளி கிப் ரோடரிடம் போனாள். சின்ன வயதில் அவள் பக்கத்து வீட்டில் மூக்கொழுக நின்ற பயல்தான். இன்றைக்குக் கோட்டும் டையும்.

"டேய் கிப், தெரு அன்னிக்கு நாலடி கீழ இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வைடா."

"தகட்டை நாங்க தொடவே இல்லையேம்மா. ஒரு இஞ்ச்கூட நகத்தல."

"அதான்டா கேவலம். பொய்யே சொல்லாம பொய் சொல்றீங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏழடித் தண்ணின்னு எழுதினா எவன்மா வீடு வாங்குவான்? வேடிக்கைக் கதையா இருந்துட்டுப் போகட்டும். உங்கப்பா பேருதான் இருக்கே, அப்புறம் என்ன?"

அந்த வருஷம் வெள்ளம் வடிந்த பிறகு கிடங்கில் அழுகிய சோளமும் செத்த மீனுமாக ஒரு நாற்றம் அடித்தது. அதே நாற்றம் இவன் வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது. துப்பிவிடலாமா என்று பார்த்தாள். துப்பவில்லை.

ரிப்பன் வெட்டப் புகைப்படக்காரர்கள் கூடும்வரை பொறுத்திருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தகட்டுக்குக் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்தாள். தகடு அவள் உச்சந்தலைக்கு மேலே போய்விட்டது.

"எந்திரிங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க!" கிப் பதறினான்.

"பாக்கட்டும்." சாண்ட்விச்காரனைக் கைநீட்டிக் கூப்பிட்டாள். "ஏம்ப்பா, வா, இப்படி உக்காரு. எங்கப்பா நின்ன தரை இதுக்கும் நாலடி கீழ இருக்கு. இப்ப சொல்லு, அவரு குடிச்சிருந்தாரா?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். அவன் மனைவிதான் வந்து, மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தகட்டை அண்ணாந்து பார்த்தாள்.