மங்கையின் பெயரில் வந்த செய்தி

வடக்கே, வானவடியில் இருந்த அந்த அடுக்குமாடிக்கு ப்ரீத்தி குடிவந்த நாளிலிருந்து மங்கையர்க்கரசிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. கோயம்புத்தூர்ப் பெண்தான், ஐ.டி. வேலை, ஆனால் இங்கிலீஷிலேயே பேசிப் பேசித் தமிழே தடுக்கித் தடுக்கித்தான் வரும். இருந்தும் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் தும்மினால் போதும், ஊரே நலம் விசாரிக்கும். சங்கராந்திக்கு மங்கை கை வலிக்கத் தட்டிய போளி அப்படியே கிடக்க, இவள் கடையில் வாங்கி வந்ததை ஆஹா ஓஹோ என்று தின்றார்கள். போதாததற்கு, மற்றவர்களையெல்லாம் அக்கா என்பவள் மங்கையை மட்டும் ஆன்ட்டி என்பாள். என்ன கொழுப்பு!

அதனால்தான், அன்று மத்தியானம் ஒரு புது எண்ணிலிருந்து ப்ரீத்தியின் படத்தோடு ‘மங்கை அக்கா’ என்று செய்தி வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய போன் கெட்டுவிட்டதாம். தனக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண் தவறுதலாக அக்காவுக்கு வந்திருக்கிறதாம், கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தது. வாடி வா, கடைசியில் என்னிடம்தானே வந்தாய் என்று மனசுக்குள் கொக்கரித்துக்கொண்டே அனுப்பினாள். உடனே அவளுடைய வாட்ஸ்அப் மூடிக்கொண்டது. நெட்வொர்க் தகராறு என்று விட்டுவிட்டாள்.

சற்று நேரத்தில் ப்ரீத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். கூடத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மங்கையின் கணவர் சந்தானத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனாள்.

“ஆன்ட்டி, அங்கிளுக்கு ஹார்ட் அட்டாக்னு நீங்கதானே குரூப்ல போட்டீங்க?”

அந்தப் புது எண்ணும் ‘அக்கா’ என்ற அழைப்பும் யாரோ ஒரு திருடனுடையவை என்று அப்போதுதான் மங்கைக்கு உறைத்தது. ஆறு இலக்கத்தை வாங்கிக்கொண்டு மங்கையாகவே குழுவுக்குள் புகுந்து, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டிருக்கிறான் பாவி. சந்தானம் எச்சில் கையோடு போலீஸுக்குப் போன் போட ஓடினார்.

மங்கை ப்ரீத்தியின் போனை வாங்கிப் பார்த்தாள். தன் பெயரில் அத்தனை கெஞ்சல். அதற்குக் கீழே குழுவிலிருந்த ஹரிபிரசாத் ஒரு கும்பிடு போட்டிருந்தார். வேறு யாரோ மெட்ரோ நேரம் விசாரித்திருந்தார்கள். பதில் என்று இருந்தது ஒன்றுதான், ப்ரீத்தியுடையது: பணம் அனுப்பிவிட்டேன், கிளம்பி வருகிறேன்.

பதினெட்டு வருஷமாக இதே கட்டடத்தில் இருப்பவளுக்கு, புருஷன் சாகக் கிடக்கிறான் என்றாலும் வர ஆளில்லை. வந்த ஒருத்தியும் இவள்தானா! நன்றி சொல்லத்தான் மங்கை வாயைத் திறந்தாள்.

“உன்ன யாருடி அனுப்பச் சொன்னா?” என்றாள்.