மேம்பாலத்து நியூட்ரல்

என் மச்சினன் விக்ரம் இலுப்பூரில் புதுக்கடை திறந்திருக்கிறான். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் லேப்டாப்பை மாட்டி, எஞ்சின் எப்போது எவ்வளவு டீசல் குடிக்கலாம் என்று மாற்றி எழுதுகிற கடை. முதல் வண்டி என் டாக்சி. மைலேஜ் கூடிவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டாண்டில் அத்தனை பேரும் அவனிடம் வண்டியை விடுவார்கள். இல்லையென்றால் கடைக்குப் பூட்டுதான்.

எனக்கோ என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நான் குளத்தூர் போய்வந்தால் மைலேஜ் பழையபடியேதான் இருக்கிறது. அதே ரோட்டில் என் மனைவி சிவரஞ்சனி ஓட்டினால் கூடுகிறது. அவள் நேற்றுத்தான் டிரைவிங் ஸ்கூலில் பழகியவள். நான் ஊர் ஊராக ஓட்டிக் கிழித்தவன். டயரில் காற்றைப் பார்த்தேன், டீசல் போடும் பங்க்கை மாற்றினேன், ஏசியை நிறுத்திவிட்டு வேர்த்து வடிய ஓட்டினேன். வண்டிக்குக்கூடவா ஓரவஞ்சனை? "என்னயவே ஏமாத்துறியா மாப்ள?" என்று போனில் கத்திவிட்டேன். அவன் உடனே கிளம்பி வந்து, வண்டியில் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

குளத்தூர் ரோட்டு மேம்பாலத்து உச்சியில் வழக்கம்போல கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இறக்கம் முழுக்க ஓசிப் பயணம், எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான்.

"ஏன் அத்தான் நியூட்ரல்?"

"டீசல் மிச்சம்டா."

"கியர்லயே விட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுங்க. சக்கரமே எஞ்சினச் சுத்தும், டீசல் தானா நின்டுரும். நியூட்ரல்ல எஞ்சின் அணையாம இருக்கக் குடிச்சுத்தான ஆகணும்? நான் மாத்துனதே காலை எடுத்ததும் டீசல் நிக்கிற அந்த எடத்தத்தான்."

கியரில் குடிக்காதாம், நியூட்ரலில் குடிக்குமாம். தலை சுற்றியது. திரும்பவும் பாலம் ஏறி, அவன் சொன்னபடி கியரிலேயே இறங்கினேன். லேப்டாப்பில் டீசல் கணக்கு பூஜ்யத்தில் நின்றது. டிரைவிங் ஸ்கூலில் பழகிய சிவரஞ்சனி இறக்கத்தில் நியூட்ரலைத் தொடுவதே இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஸ்டாண்டில் விஷயத்தைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. "கியர்ல இருந்தா குடிக்காதா? யாருகிட்டண்ணே கதை விடுறீங்க?" என்றான் பக்கத்து டாக்சி குழந்தைசாமி. விளக்கிச் சொல்ல எனக்கும் வரவில்லை. விக்ரமின் முகம் தொங்கிவிட்டது.

"ஏறுடா வண்டில," என்று குழந்தைசாமியை முன்னால் உட்காரவைத்து, லேப்டாப்பை அவன் மடியில் வைத்தேன். மேம்பாலத்து உச்சியில் என் இடது கை தானாகக் கியருக்குப் போனது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். வண்டி இறங்கியது.

திரையில் டீசல் கணக்கு பூஜ்யத்துக்கு வந்ததும் குழந்தைசாமி லேப்டாப்பைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தான்.

"ஒங்க மச்சினன் கடை எங்கிட்டுண்ணே இருக்கு?"